வாய் நாற்றத்துக்கு வயிறு காரணமா?

வாய் நாறுகிறது என்று மருந்துக்கடையில் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு கேஸ் மாத்திரை. வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால், "வயிறு சுத்தமா இல்ல, பேதிக்கு எடு" என்பார்கள். இணையத்தில் தேடினால் குடல் கழிவை வெளியேற்றும் பானங்கள் வரிசை கட்டி நிற்கும். மூன்று விரலும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: வயிறு.

பல் மருத்துவம் சொல்வது வேறு. வாய் நாற்றத்துடன் வருகிறவர்களில் 10-க்கு 8 அல்லது 9 பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு மூக்குக்கும் தொண்டைக்கும் போகிறது. வயிறு அந்தப் பட்டியலில் எங்கோ ஓரமாக நிற்கிறது.

இடத்தைத் தவறாகச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். நான்கு வருடம் வயிற்றுக்கு மாத்திரை சாப்பிட்டவருக்கு அந்த நான்கு வருடமும் ஈறு நோய் வளர்ந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துகொண்டிருந்தால்? பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் கதைதான் இது. ஆகவே நாற்றம் எங்கே, எப்படி உண்டாகிறது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

நாற்றம் உண்டாகும் விதம்

மனித வாய்களில் இதுவரை சுமார் 700 வகை பாக்டீரியாக்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒருவர் வாயில் இவை எல்லாமே இருக்காது. ஆனாலும் நூறு, இருநூறு வகை சாதாரணமாகக் குடியிருக்கும். நம் விஷயத்துக்கு இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்தால் போதும்.

முதல் கூட்டம் சர்க்கரை தின்னும். தின்று அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் பல்லை அரித்தால் சொத்தை.

இரண்டாம் கூட்டம் புரதம் தின்னும். ஆக்சிஜன் எட்டாத இடுக்குகளில்தான் இது செழிக்கும். உணவில் இருக்கும் புரதத்தோடு வாயின் உள்தோலிலிருந்து உதிரும் செல்கள், ஈறிலிருந்து கசியும் ரத்தம், மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி என எல்லாமே இதற்குத் தீனி. இந்தப் புரதங்களில் சிஸ்டைன், மெத்தியோனைன் என்று கந்தகம் கொண்ட இரண்டு அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் கிளம்புகின்றன. நாற்றம் என்பது முக்கியமாக இவைதான்:

1. ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாசனை. நாக்கிலிருந்து வருவதில் இதுவே முதன்மை. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.
2. மெத்தில் மெர்காப்டன். அழுகிய முட்டைக்கோஸ் வாசனை. ஈறு நோய் உள்ளவர்களிடம் இதன் பங்கு கூடும். சமையல் கேஸ் கசிந்தால் தெரியவேண்டும் என்று சிலிண்டரில் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள் அல்லவா, அதற்கு இது நெருங்கிய பங்காளி.
3. டைமெத்தில் சல்ஃபைடு. இது வாயில் குறைவு. ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வரும் நாற்றங்களில் இது முக்கியம்.

மூச்சில் இந்த வாயுக்கள் இருப்பதைக் கருவி வைத்து அளந்து காட்டியவர்களில் முன்னோடி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டோன்செடிச். 1971-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக்குப் பிறகுதான் வாய் நாற்றம் என்பது மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் விஷயமாக இல்லாமல் எண்ணில் சொல்லக்கூடிய விஷயமாக மாறியது.

இந்த இரண்டு கூட்டக் கணக்கைப் புரிந்துகொண்டால் பல சந்தேகங்கள் தானாகவே தீரும். ஒரு சொத்தை கூட இல்லாத, பளிச்சென்ற பல் வரிசை உள்ளவருக்கும் வாய் நாறலாம். சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வேறு கூட்டம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு வராது என்பதும் சரியில்லை, ஏனென்றால் அவருடைய வாயிலும் செல்கள் உதிரத்தான் செய்கின்றன.

நாக்கின் பின்பாதி

கண்ணாடி முன் நின்று நாக்கை முழுக்க நீட்டிப் பாருங்கள். முன்பாதி ஓரளவு இளஞ்சிவப்பாக இருக்கும். பின்னால் போகப் போக வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படிவு தெரியும். நாக்கின் மேற்பரப்பு கம்பளி போன்றது. நுண்ணிய முளைகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களும் நிறைந்தது. முன்பாதி உணவோடும் மேல் அண்ணத்தோடும் உரசி உரசிச் சுத்தமாகிவிடும். பின்பாதிக்கு அந்த உரசல் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு மூக்குச் சளி இறங்குவதும் அங்கேதான். ஈறு நன்றாக இருக்கும் ஒருவருக்கு வாய் நாறினால் முதல் சந்தேகம் இந்தப் பின்பாதி மேல்தான் விழவேண்டும்.

நாக்கு வழிக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை நாக்கு வழிப்பானைப் பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளை ஆகியவற்றில் செய்யலாம் என்று பட்டியலே தருகிறது. இன்றும் விடிகாலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டுக் குழாயடியிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்கும். பிறகும் ஏன் நாறுகிறது? பலர் ஓங்கரிப்புக்குப் பயந்து முன்பாதியை மட்டும் வழித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் பகுதி. இன்னொரு சாரார் ரத்தம் வரும் அளவுக்குச் சுரண்டுகிறார்கள். அதனால் ஆவது ஒன்றுமில்லை.

நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, எட்டும் அளவுக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி மென்மையாக மூன்று நான்கு முறை இழுத்தால் போதும். மூச்சை வெளியே விடும்போது ஓங்கரிப்பு குறையும். ஓரிரு வாரத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் போகப் பழகிவிடும். செம்பா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா என்பது பெரிய விஷயமில்லை. பிரஷ்ஷால் தேய்ப்பதைவிட வழிப்பான் சற்று மேல். காலையில் மட்டும் வழிக்கிறவர்கள் இரவிலும் ஒருமுறை வழித்தால் வித்தியாசம் தெரியும். இரவு முழுக்க அந்த பாக்டீரியாக்களுக்கு ஊண் போடும் படிவு அதுதானே.

ஈறு: அதிகம் கவனிக்கப்படாத காரணம்

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. ஆரோக்கியமான ஈறில் அதன் ஆழம் 3 மில்லிமீட்டர் வரைதான். அங்கே படியும் பிசுபிசுப்பான பாக்டீரியா படலத்துக்கு பிளாக் என்று பெயர். அன்றன்றைக்குத் துலக்கி எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் அதில் இறங்கி, சில நாட்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். அப்படி இறுகியதைத்தான் காரை என்கிறோம். காரை ஆனபிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது.

காரை ஈறை உறுத்தும். ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்திலேயே சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் பள்ளம் ஆழமாகி 4, 5, 6 மில்லிமீட்டர் என்று பை போல ஆகிவிடும். ஆக்சிஜன் இல்லை, இருட்டு, கசியும் ரத்தம் எனப் புரதம் தின்னும் கூட்டத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. பிரஷ் அந்த ஆழத்துக்குப் போகவே முடியாது. இரண்டு வேளை துலக்கியும் நாற்றம் போகவில்லை என்று சொல்கிறவர்கள் பலரிடம் இருப்பது இந்தப் பைகள்தான்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

ஒன்று, ரத்தம் வருகிற இடத்தில் துலக்கக்கூடாது என்பது. ரத்தம் வருவதே அங்கே படலம் தேங்கியிருப்பதால்தான். விட்டுவிட்டால் இன்னும் தேங்கும், இன்னும் ரத்தம் வரும். மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் கூடுதல் கவனம் கொடுக்கவேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் நோய் இருந்தாலும் ஈறில் ரத்தம் அவ்வளவாக வராது. ரத்தம் இல்லை, அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, ஸ்கேலிங் செய்தால், அதாவது பல் மருத்துவரிடம் காரையை எடுத்தால், பல் ஆடும் என்பது. இதைச் சொல்லாத தெருவே நம் ஊரில் இல்லை. நடப்பது இதுதான்: எலும்பு ஏற்கெனவே கரைந்து பல் ஆடும் நிலையில் இருக்கிறது. காரை பற்களுக்கு நடுவே சிமெண்ட் பூச்சு மாதிரி உட்கார்ந்து அந்த ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. பூச்சை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. காரை போன இடத்தில் சில நாள் கூச்சம் இருக்கும், பல் இடுக்கில் இடைவெளி விழுந்தது போலவும் தோன்றும். பயந்துபோய் அடுத்த முறை வராமல் இருந்துவிட்டால்தான் பல் போகும்.

சொத்தைக் குழியில் சிக்கிய உணவு, சரியாகப் பொருந்தாத பல் உறை (கேப்), பாதி முளைத்த கடைசிக் கடைவாய்ப் பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறு, இரவிலும் கழற்றாத பல்செட் ஆகியவையும் இதே கணக்கில் சேரும். பல்செட்டை இரவில் கழற்றி, துலக்கி, தண்ணீரில் போட்டுவைக்கவேண்டும். முதியோர் உள்ள வீடுகளில் இதைக் கேட்டுக்கொள்ள ஆள் இருப்பதில்லை.

எச்சில் வற்றும்போது

ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும் குழாய் அது. ஆக்சிஜனையும் அது சுமந்து வருகிறது. தூக்கத்தில் இந்தக் குழாய் ஏறக்குறைய மூடிவிடும். காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் வாய் நாறுவது இதனால்தான். பல் துலக்கி, ஏதாவது சாப்பிட்டதும் போய்விட்டால் அது நோயே இல்லை.

பகலிலும் எச்சில் குறைந்தால்தான் தொல்லை. வாயைத் திறந்து தூங்குகிறவர்கள், குறட்டை விடுகிறவர்கள், நாளெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும் ஆசிரியர்கள், கண்டக்டர்கள் எல்லோருக்கும் வாய் காயும். இதைவிடப் பெரிய காரணம் மருந்துகள். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் ஆகியவை எச்சிலைக் குறைக்கக்கூடியவை. புதிதாக ஒரு மாத்திரை தொடங்கியபிறகு வாய் வறண்டு நாற ஆரம்பித்தால் அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லவேண்டும். நாமாக நிறுத்தக்கூடாது.

ஏகாதசி விரதமோ ரம்ஜான் நோன்போ இருக்கும்போது வாய் நாறுவதற்குக் காரணம் இரட்டை. மெல்லாததால் எச்சில் குறைவு. கூடவே உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் உண்டாகும் கீட்டோன்கள் மூச்சிலும் வெளியேறும். எடை குறைக்க அரிசியை அறவே விட்டு கீட்டோ உணவுக்கு மாறியவர்களுக்கும் இதே கதை. பிரஷ்ஷால் இதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

பூண்டு ஏன் மறுநாள் வரை நிற்கிறது?

வெங்காயமும் பூண்டும் வாயில் விட்டுச்செல்லும் வாசனை துலக்கினால் போய்விடும். ஆனால் பூண்டிலிருந்து உண்டாகும் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற பொருளை உடலால் எளிதில் சிதைக்க முடிவதில்லை. அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. முதல் நாள் இரவு பூண்டுக் குழம்பு சாப்பிட்டவர் மறுநாள் அலுவலகத்தில் எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான். வயிற்றுக்குப் போன பொருள் வாய் நாற்றமாகத் திரும்பும் ஒரு வழி உண்மையில் உண்டு என்றால், அது இப்படி ரத்தத்தைச் சுற்றிக்கொண்டு வரும் வழிதான். சாப்பாட்டோடு சேர்த்துப் பால், ஆப்பிள், புதினா எடுத்துக்கொண்டால் பூண்டு வாசனை குறைவதாக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டு வெகுநேரம் கழித்து எடுப்பதைவிடச் சாப்பிடும்போதே எடுப்பது நல்ல பலன் தரும்.

அப்படியானால் வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லையா?

வாயிலிருந்து வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய் எப்போதும் திறந்திருக்கும் பைப் அல்ல. சாதாரண நேரத்தில் அது தட்டையாக மூடிக்கிடக்கும். மேலும் கீழும் இறுக்கும் தசைகள் உண்டு. விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் மட்டும் திறக்கும். ஏப்பத்தில் வரும் வாசனை சில நொடிகளில் கலைந்துவிடும். நாள் முழுக்க வயிற்றிலிருந்து காற்று மேலேறி வாய் நாறுவதற்கு வழியே இல்லை. மலச்சிக்கலால் வாய் நாறும் என்பதற்கும் நல்ல ஆதாரம் கிடையாது.

விதிவிலக்குகள் உண்டு. அமிலம் தொண்டை வரை எதுக்களித்து வரும் நோய் உள்ள சிலருக்கு நாற்றம் இருக்கலாம். வயதானவர்களில் மிகச் சிலருக்கு, உணவுக்குழாய் தொடங்கும் இடத்துக்கு அருகில் பை போல ஒரு பிதுக்கம் உண்டாகி அதில் உணவு தேங்கி அழுகும். நேற்று சாப்பிட்ட சோறு இன்று வாய்க்கு வருகிறது என்று அவர்கள் சொல்வார்கள். வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவுக்குத் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ எதுவும் இல்லாமல், வாய் நாற்றத்துக்காக மட்டும் மாதக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுவதில் அர்த்தம் இல்லை.

மூக்கும் தொண்டையும், அப்புறம் மற்ற உறுப்புகளும்

சைனஸ் தொற்றில் சீழ் கலந்த சளி தொண்டையில் இறங்கும். நாற்றத்தோடு முகத்தில் பாரம், மூக்கடைப்பு இருக்கும். டான்சிலில் உள்ள குழிகளில் உதிர்ந்த செல்களும் உணவும் சேர்ந்து, அரிசி நொய் அளவில் வெள்ளை உருண்டைகளாக இறுகுவது உண்டு. இருமும்போது வெளியே வந்து விழும், நசுக்கினால் தாங்கமுடியாத நாற்றம் வரும். ஆபத்தில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. மூக்கின் ஒரே ஒரு துவாரத்திலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், அங்கே பட்டாணியோ புளியங்கொட்டையோ பஞ்சுத் துண்டோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் நோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அன்றே, அந்த நேரமே போகவேண்டும். சில மணி நேரத்தில் அது மூக்கின் உட்சுவரை அரித்துவிடும்.

உள்ளுறுப்பு நோய்களால் வரும் மூச்சு வாசனைகள் அரிது. ஆனால் அவற்றுக்கு வேறு அறிகுறிகள் துணைக்கு இருக்கும்:

1. சர்க்கரை நோயாளிக்கு அழுகிய பழம் அல்லது நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற வாசனையோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு வந்தால் அது கீட்டோ அமில நிலை. உடனே மருத்துவமனை.
2. சிறுநீரகம் மிகவும் கெட்டநிலையில் மூச்சில் அம்மோனியா, அதாவது மூத்திர வாடை.
3. கல்லீரல் செயலிழக்கும்போது இனிப்பும் புழுக்கமும் கலந்த ஒரு வாடை.
4. நுரையீரலில் சீழ் கட்டியிருந்தால் காய்ச்சல், இருமலோடு துர்நாற்றமடிக்கும் சளி.

2018-இல் இன்னொரு காரணமும் தெரியவந்தது. மரபணு ஒன்றில் ஏற்படும் கோளாறால் மெத்தில் மெர்காப்டனை உடல் சரியாகக் கையாள முடியாமல், டைமெத்தில் சல்ஃபைடு ரத்தத்தில் சேர்ந்து மூச்சில் நாறும் குடும்பங்களைக் கண்டறிந்தார்கள். என்ன செய்தாலும் போகாத நாற்றம் என்று சொல்கிறவர்களில் சிலர் சொல்வது நிஜம்தான் என்பது இதனால் உறுதியானது.

நமக்கு நாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்வது உதவாது. சொந்த வாசனைக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்யலாம்:

1. நாக்கின் பின்பகுதியை ஒரு ஸ்பூனால் மெல்ல வழித்து, சில நொடி கழித்து முகர்ந்து பாருங்கள்.
2. கடைவாய்ப் பற்களின் இடுக்கில் பல் நூலை (ஃப்ளாஸ்) விட்டெடுத்து முகருங்கள். ஒரு குறிப்பிட்ட இடுக்கில் மட்டும் நாறினால் பிரச்சினை அந்தப் பல்லருகே.
3. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள். கருவிகள் எத்தனை வந்தாலும் மருத்துவர்கள் இன்றும் மூக்கால் முகர்ந்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்.

உதவிக்கு இருப்பவரே இன்னொன்றும் செய்யலாம். நீங்கள் வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடுங்கள். வாயில் மட்டும் நாறினால் பல் மருத்துவர். மூக்கில் மட்டும் நாறினால் காது மூக்கு தொண்டை மருத்துவர். இரண்டிலும் ஒரே அளவு நாறினால் பொது மருத்துவர். செலவில்லாத சோதனை, ஆனால் அலைச்சலை நிறையக் குறைக்கும்.

சிகிச்சை: எந்த வரிசையில்?

1. முதலில் காரையை எடுக்கவேண்டும். பல் மருத்துவரிடம் போகும்போது "கிளீன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாமல், ஈறு பைகளின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆழம் அதிகமாக இருந்தால் மேலோட்டமான ஸ்கேலிங் போதாது. வேர்ப்பகுதி வரை சுத்தம் செய்யவேண்டியிருக்கும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம்.

2. பல் இடுக்கைச் சுத்தம் செய்வது அன்றாட வேலையாகவேண்டும். பிரஷ் பல்லின் வெளிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் தொடும், இடுக்கைத் தொடாது. இடைவெளி குறைவாக இருந்தால் பல் நூல். விரிந்திருந்தால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம் போன்ற இடுக்கு பிரஷ். ஊக்கு, குண்டூசி வேண்டாம்.

3. நாக்கு. மேலே சொன்ன முறையில், இரண்டு வேளையும்.

4. எச்சிலைக் கூட்டுவது. அவ்வப்போது தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம். சாப்பிட்டபின் சோம்பு, ஏலக்காய், கிராம்பு மெல்லும் நம் பழக்கம் மணத்தால் மூடுவதோடு எச்சிலையும் வரவழைப்பதால் கொஞ்ச நேரத்துக்கு நல்லதுதான். சர்க்கரைப் பாகு பூசிய கலர் சோம்பு இதில் சேராது.

5. புகையிலை, பாக்கு இரண்டையும் விடுவது. வாய் மணக்கப் போடும் பாக்கு ஈறைக் கெடுப்பது ஒருபுறம் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீடு, புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றது. பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்பக்கம் இறுகி வாய் திறக்கும் அளவும் குறையும். பிரஷ்ஷும் நாக்கு வழிப்பானும் உள்ளே போகமுடியாமல் நாற்றம் இன்னும் கூடும்.

கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களை அது கொல்லும் என்பதால் ஒரு வாரம் நாற்றம் காணாமல் போகும். காரையும் பையும் அப்படியே இருப்பதால் அதே கூட்டம் திரும்பி வரும், இந்த முறை மருந்துக்கு அசையாத சிலரோடு.

கொப்பளிக்கும் மருந்துகள்

இந்தச் சந்தை உருவான கதையைத் தெரிந்துகொண்டால் விளம்பரங்களை நிதானமாகப் பார்க்கமுடியும். லிஸ்டரின் 1879-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் லாரன்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய கிருமிநாசினி. அறுவை சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயரை வைத்தார்கள். வாய்க்கு என்று அது பெரிய அளவில் விற்றது 1920-களில்தான். வாய் நாற்றத்தைக் குறிக்கும் ஹேலிடோசிஸ் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத மருத்துவச் சொல்லை விளம்பரத்துக்குக் கொண்டுவந்து, வாய் நாற்றத்தால் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்களைப் படமாகப் போட்டார்கள். வியாபாரம் பல மடங்கானது. நம் ஊர்ப் பற்பசை விளம்பரங்களில் ஜோடிகள் நெருங்கி வருவதும் அதே பயத்தின் பேத்திதான்.

குளோர்ஹெக்சிடின் என்ற கொப்பளிக்கும் மருந்து பாக்டீரியாக்களைக் கொல்வதில் வலுவானது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம் வரும். காபி, டீ குடிக்கிறவர்களுக்குக் கறை இன்னும் அதிகம். மருத்துவர் சொன்னபடி இரண்டு வாரம் போல மட்டுமே. பல் துலக்கிய உடனே இதைக் கொப்பளித்தால் பற்பசையின் நுரை தரும் பொருள் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும்; அரை மணி நேரம் விடுங்கள். துத்தநாக உப்பு கலந்த மருந்துகள் கந்தக வாயுவையே பிடித்துக் கட்டிவிடுவதால் நாற்றத்துக்கென்றே பொருத்தமானவை. ஆல்கஹால் அதிகமுள்ளவற்றை வாய் வறட்சி உள்ளவர்கள் தவிர்க்கலாம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எதுவும் வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றி எப்போதும் கேள்வி வரும். படலமும் நாற்றமும் ஓரளவு குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. துலக்குவதற்கு மேலதிகமாகச் செய்தால் தவறில்லை. காரையை அது கரைக்காது. கொப்பளிக்கும் மருந்துகள், நாக்கு வழித்தல் எனப் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பீடு, எது சிறந்தது என்று உறுதியாகச் சொல்லும் தரத்தில் சான்றுகள் இல்லை என்றே முடித்தது. புட்டியின் மேல் 24 மணி நேரப் புத்துணர்ச்சி என்று அச்சடித்திருப்பதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளலாம்.

இல்லாத நாற்றம்

வாய் நாற்ற மருத்துவர்களிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் நாற்றமே இருப்பதில்லை. எதிரில் இருப்பவர் மூக்கைத் தேய்த்தால், பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினால், அது தன் வாயால்தான் என்று முடிவு கட்டிக்கொள்வார்கள். சிலர் சோதனை முடிவைக் காட்டி விளக்கியதும் தெளிந்துவிடுவார்கள். இதற்குப் போலி வாய் நாற்றம் என்று பெயர். இன்னும் சிலர் எந்த விளக்கத்தாலும் தெளியமாட்டார்கள். ஒரு நாளில் பத்து முறை துலக்கி ஈறையே தேய்த்துவிடுவார்கள், கல்யாணம் காட்சி என்று எங்கும் போகமாட்டார்கள், மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைவார்கள். அது வாய் நாற்ற அச்சம் என்ற மனநல நிலை. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடு சேர்ந்தே வருவது வழக்கம்.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் "உனக்கு ஒண்ணுமே இல்ல, போ" என்று தள்ளிவிடுவதால் பயனில்லை. அவருடைய சம்மதத்தோடு பல் மருத்துவரிடம் ஒருமுறை முறையாகச் சோதித்து, மதிப்பெண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது பூஜ்ஜியமாக இருந்தும் அவருடைய அவஸ்தை தீராவிட்டால், அடுத்துப் பார்க்கவேண்டியவர் மனநல மருத்துவர். இன்னொரு பல் மருத்துவரோ இன்னொரு கேஸ் மாத்திரையோ வேண்டாம்.